அரவை இயந்திரத்துக்குப் போல்ட் வாங்கும்போது

கொல்லிமலையில் சாமை, தினையின் உமியை நீக்கவும் கேழ்வரகை மாவாக்கவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் அமைக்க உதவியவை போன்ற சிறு இயந்திரங்கள் ஓடும்போது அதிர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றில் முதலில் தளர்வது பெரும்பாலும் போல்ட்டும் நட்டுமே ஆகும். ஒரு போல்ட்டுக்காக 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால், கழற்றிய பழைய போல்ட்டையே கடைக்குக் கொண்டுசெல்வது நல்லது; வாய்மொழி அளவை நம்புவது வீண் அலைச்சலுக்கே வழிவகுக்கும்.

அரை அங்குலப் போல்ட்டும் 12 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றின் மரை இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலுள்ள தூரம், வேறுபடுவதால், புதிய நட்டைக் கடையிலேயே பழைய போல்ட்டில் கையால் முழுதும் திருகிப் பார்த்துவிட வேண்டும்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண் அது அறுபடும் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 800 நியூட்டன் என்பதையும், இரண்டாம் எண் அதில் 80 விழுக்காட்டை எட்டும்போது, அதாவது 640 நியூட்டனில், போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கும். எவர்சில்வர் போல்ட் எல்லாவற்றையும்விட உறுதியானது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அதன் சிறப்பு துருவைத் தாங்குவதில்தான் உள்ளது. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலிமை 700 நியூட்டனே.

அதிரும் இடங்களுக்கு, உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டு ஏற்றது. கழற்றியபின் வளையத்தின் பிடி குறைந்துவிடுவதால், மீண்டும் மாட்டும்போது புதியதைப் போட வேண்டும்.