வாக்குரிமையும் வாக்காளர் பட்டியலும்

'ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு' என்பது கூட்டுறவின் அடிப்படை நெறி. நூறு பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் சங்கப் பேரவையில் மதிப்பு ஒன்றே. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட முன்னோடிகள் இந்நெறியைக் கைக்கொண்டனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அந்நாளில் அந்நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டியிருந்தது. நாட்டாட்சியில் ஏழைத் தொழிலாளிக்குக் கிட்டாத சமத்துவம், அவர்கள் கண்ட சங்கத்தில் கிட்டியது.

நம் நாட்டிலும் 1935ஆம் ஆண்டின் சட்டப்படி, சொத்து, வரி, கல்வி போன்ற தகுதிகள் உடையோரே வாக்களித்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு இத்தடைகளை அகற்றி, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அன்று 21 ஆக இருந்த வயதுவரம்பு, 61ஆவது திருத்தத்தின் வாயிலாக 1989 முதல் 18 ஆயிற்று.

ஆயினும், உரிமை இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயரும் இருத்தல் வேண்டும். இதனை முதற் பொதுத் தேர்தலே நமக்குக் கற்பித்தது. 1951-52இல் நடந்த அத்தேர்தலுக்கு 17 கோடியே 32 லட்சம் வாக்காளர் பதிவாயினர். பட்டியல் தயாரிக்கச் சென்ற அலுவலரிடம், வடமாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதச் செய்தனர். அயலாரிடம் தம் பெயரைச் சொல்லலாகாது என்பது அங்கு வழக்கம்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. பெயரில்லாப் பதிவைக் கொண்டு ஆளை அடையாளம் காண இயலாது என்பதும், பெண்ணும் ஆணைப்போல் தனி வாக்காளரே என்பதும் அதன் கருத்து. சரியான பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பேரும் முதற் தேர்தலில் வாக்கிழந்தனர்.

விதி நியாயமானதே; எனினும் அதன் சுமை எளியோர்மீது விழுந்தது. பட்டியல் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதும், தகுதியுடையோர் எவரும் விடுபடலாகாது என்பதும் இணைபிரியாத இரு கடமைகள். முன்னதை மட்டும் நோக்கிச் செய்யும் சீர்திருத்தம், ஏழைகளையும் இடம்பெயர்வோரையுமே முதலில் வெளியேற்றும்.

தறி வேலைக்காகவும் அறுவடைக்காகவும் வெளியூர் செல்லும் நம்மவர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். வாக்காளர் அடையாள அட்டை கையிலிருப்பினும், பட்டியலில் பெயரில்லையேல் வாக்களிக்க இயலாது. தற்காலிகமாக வெளியூர் சென்றமையால் மட்டும் ஒருவர் தம் ஊர்ப் பதிவை இழப்பதில்லை. நிலையாக வீடு மாறியவர் படிவம் 8 அளித்துப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்வோர்க்குப் படிவம் 6. ஊரில் வசிக்கவில்லை என்று கூறி ஒருவர் பெயரை நீக்குமுன், அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம். வேட்புமனு அளிக்கும் இறுதி நாளுக்குப் பின்னர் அத்தேர்தலுக்காகப் பெயர் சேர்க்க இயலாது. ஆகவே, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் பட்டியலைத் தேடுவதால் பயனில்லை.

நம் சங்கங்களின் நிலையும் இத்தகையதே. உறுப்பினர் பதிவேட்டில் இறந்தோர் பெயர் நீங்காமலும், உழைக்கும் பெண்களின் பெயர் ஏறாமலும் இருப்பின், 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்பது ஏட்டளவில் நின்றுவிடும். நூல் இழைப்பதிலும் களையெடுப்பதிலும் பங்குகொள்ளும் பெண், தன் பெயராலேயே உறுப்பினராதல் வேண்டும். பதிவேட்டை ஆண்டுதோறும் பேரவைக்கு முன்பே படித்துச் சரிபார்ப்பது ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. பெயர் கூறாத பெண்களின் பதிவை நீக்காமல் திருத்துவதற்கு வேறு வழி இருந்திருக்குமா?

2. நம் ஊரிலிருந்து வெளியூர் சென்று உழைப்போரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் உள்ளனவா?

3. நம் சங்கப் பதிவேட்டில் பெண் உறுப்பினர் எத்தனை பேர்? உழைக்கும் பெண்கள் எத்தனை பேர்?