ரேடியஸ் சேர்வருக்குப் பூட்டுப் போடுங்கள்

மன்னார் நகரில் தலைமை அலுவலகம், தலைமன்னாரில் கிளை. இரண்டு இடத்திலும் ஊழியர்கள் ஒவ்வொருவரும் தமது அதே கணக்கால் வைபைக்குள் நுழைகிறார்கள் என்றால், பின்னால் பெரும்பாலும் கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் ஒரு ரேடியஸ் சேர்வர் இருக்கும். அது பறிபோனால் எல்லோருடைய கணக்கும் பறிபோகும். டெபியன், உபுண்டுவில் ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருளை நடத்துவோருக்கு இந்தக் குறிப்பு.

முதலில் பதிப்பைப் பாருங்கள். 2024 ஜூலையில் வெளியான 'பிளாஸ்ட் ரேடியஸ்' ஓட்டை, எம்டி5இன் பலவீனத்தால் வருவது. இடைவழியில் இருப்பவர் சேர்வரின் மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம்; கடவுச்சொல்லே தேவையில்லை. ஈஏபி முறை வைபைக்கு இந்த ஆபத்து இல்லை. ஹொட்ஸ்பொட், விபிஎன் நுழைவுகளுக்கு உண்டு. 3.2.5 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கு மாறி, கிளையன்ட் கோப்பில் 'ரிக்வயர் மெசேஜ் ஆதென்டிகேட்டர்' அமைப்பை 'யெஸ்' ஆக்குங்கள். அதற்கு முன் ரவுட்டர்களின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் பழைய கருவிகள் நுழைய முடியாமல் நிற்கும்.

அதே கோப்பில் 'டெஸ்டிங்123' என்ற இயல்புநிலை இரகசியச் சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனியான நீண்ட சொல் வேண்டும். ஃபயர்வோலில் யுடிபி 1812, 1813 வாசல்களைத் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் திறவுங்கள். தலைமன்னார்க் கிளையின் போக்குவரத்து பொது இணையத்தில் வெறுமனே போகக்கூடாது. வயர்கார்டு சுரங்கத்துக்குள் போகட்டும்.

அடுத்தது, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி. பலர் தொடாமல் விடும் இடம் இதுதான். 'சிஸ்டம்டி-அனலைஸ் செக்யூரிட்டி ஃப்ரீரேடியஸ்' என்று கொடுத்தால் பத்துக்கு ஒரு மதிப்பெண் வரும், குறைந்தால் நல்லது. பின்பு 'சிஸ்டம்சிடிஎல் எடிட் ஃப்ரீரேடியஸ்' மூலம் 'நோ நியூ பிரிவிலேஜஸ்', 'பிரைவேட் டிவைசஸ்', 'புரொடெக்ட் ஹோம்' ஆகியவற்றைச் சேருங்கள். சில முன்பே இருக்கலாம். 'புரொடெக்ட் சிஸ்டம்' அமைப்பை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்கினால் பதிவுக் கோப்புறைக்கு எழுதும் அனுமதியைத் தனியே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சேவை எழும்பாது. 'பிரைவேட் நெட்வேர்க்' மட்டும் வேண்டாம், வலையமைப்பே அறுந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

பதிவில் தவறான கடவுச்சொல்லையும் எழுத விடாதீர்கள். ஓரெழுத்துப் பிசகியது பெரும்பாலும் உண்மையான சொல்லைக் காட்டிக்கொடுக்கும். மின்வெட்டுக்குப் பின் மணிக்கூடு பின்தங்கினால் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். நேரத்தைச் சரிப்படுத்தும் குரோனியை இயக்கி வையுங்கள்.

கடைசியாக இயந்திரத்தை அணைத்து ஏற்றி, இரண்டு அலுவலகங்களிலிருந்தும் ஒரு சரியான கடவுச்சொல், ஒரு பிழையான கடவுச்சொல் கொடுத்துப் பாருங்கள்.