மன அழுத்தமும் உடல் எடையும்

கல்வராயன் மலைப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களில் பலர், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் காலைப் பேருந்தை நம்பியிருப்பவர்கள். அதைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவு தவறும். இடைவேளையில் தேநீரும் வடையும் அதை ஈடுசெய்யும். நிறைவான சாப்பாடு இரவு ஒன்பது மணிக்குத்தான். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் எங்களில் சிலருக்கு எடை கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. கூடியவருக்கு ‘வாயைக் கட்டுங்கள்’ என்றும், குறைந்தவருக்கு ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்றும் அறிவுரை கிடைக்கிறது. இரண்டுக்கும் மன அழுத்தமே காரணமாக இருக்கலாம் என்பதை யாரும் பேசுவதில்லை.

பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் அட்ரினல் சுரப்பியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. திடீர்ப் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து பசியை அடக்கிவிடும். ஆண்டாய்வு நாளில் மதிய உணவு தொண்டையில் இறங்காதது அதனால்தான். அழுத்தம் வாரக்கணக்கில் நீடிக்கும்போது கதை மாறுகிறது. கார்ட்டிசால் அளவு உயர்ந்தே இருந்தால் கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை வெளிவிடும். நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்துபவருக்கு அவ்வளவு ஆற்றல் தேவையில்லை. இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டங்களிலும் நாட்டம் கூடும். கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும். தூக்கமும் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்து, ‘போதும்’ என்று உணர்த்தும் லெப்டின் தாழும். எல்லோருக்கும் இப்படியே நடப்பதில்லை. நீண்ட அழுத்தத்தில் பசியே எடுக்காமல் மெலிபவர்களும் உண்டு.

எனவே எடைக் கருவியுடன் ஓர் அளவு நாடாவும் வைத்திருப்பது நல்லது. இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

தேநீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் ஐந்து கோப்பைக்கு 50 கிராம், அதாவது 200 கலோரி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்ச வரம்பே அந்த 50 கிராம்தான். நான் தேநீரை விடவில்லை, இரண்டாகக் குறைத்தேன். காலையில் சாமைச் சோற்றை டப்பாவில் எடுத்துச் சென்று, முதல் மணிக்கு முன் பள்ளியிலேயே சாப்பிடுகிறேன். சாமை நம் மலையில் விளைவது, தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து மிகுந்தது. சிறுதானியம் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடை குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்! மாலையில் அரைமணி நேர நடை, இரவு ஒன்பதுக்குமேல் வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமை இரண்டும் தூக்கத்தை மீட்டுத் தந்தன. பட்டினி கிடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டினியும் உடலுக்கு ஓர் அழுத்தமே.

மாணவர்களிடம் இது வேறு உருவில் வருகிறது. பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய், பாட்டி வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மலையில் பலர். அப்படி ஒரு மாணவி இரண்டு மாதங்களில் மூன்று கிலோ குறைந்தாள். சத்துணவுத் தட்டில் பாதி அப்படியே இருக்கும். ‘ஏன் சாப்பிடவில்லை?’ என்று கேட்டபோது பதில் வரவில்லை. ‘அம்மா எப்போது பேசினாங்க?’ என்று கேட்டபோது அழுதாள். தலைமையாசிரியர் அலைபேசியில் வாரம் இருமுறை தாயுடன் பேச வைத்தோம். ஆனாலும் மன அழுத்தம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, குடற்புழு, காசநோய், தைராய்டு ஆகியவையும் எடையை மாற்றும். அதனால் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பினோம்.

எடை பார்க்கும் நாளில் எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’ என்ற பட்டப்பெயர்கள் வகுப்பில் அன்றுதான் பிறக்கின்றன. எங்கள் பள்ளியில் இப்போது ஒவ்வொருவராகத் தனியே அழைத்து எடையைக் குறிக்கிறோம். முந்தைய அளவிலிருந்து பெரிய மாற்றம் இருந்தால், முதலில் தூக்கத்தையும் வீட்டு நிலையையும் கேட்கிறோம். மாணவரோ ஆசிரியரோ, மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால் டெலி மானஸ் கட்டணமில்லா எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும் எழுதி வையுங்கள்.