நண்பர்களோடு நெடுந்தூர சைக்கிள் பயணம்



திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்று ஓர் இடம் இருக்கிறது. அதை ஒட்டிச் சாலைக் கடைத்தெரு. விடிவதற்கு முன்பே அங்கே லாரிகள் வந்து நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து காய்கறி வந்து இறங்கும். மலையாளமும் தமிழும் கலந்து கேட்கும்.

அங்கிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பஸ்ஸில் போயிருப்போம். ரயிலில் போயிருப்போம். சைக்கிளில் போய் அன்றைக்கே திரும்பி வர முடியுமா?

முடியும். ஆனால் மனம் போனபடி போனால் முடியாது. கணக்குப் போட்டுப் போக வேண்டும். கூட நண்பர்களும் வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

பந்தயம் அல்ல

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவதற்கு உலகம் முழுவதும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் 'பிரெவே' என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். சான்றிதழ் என்று பொருள். இந்தியாவிலும் பல நகரங்களில் பிரெவே நடக்கிறது.

இது பந்தயம் அல்ல. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் இல்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். எல்லாருக்கும் ஒரே மதிப்புத்தான்.

தூரமும் நேரமும் இப்படி:

200 கி.மீ. – 13½ மணி
300 கி.மீ. – 20 மணி
400 கி.மீ. – 27 மணி
600 கி.மீ. – 40 மணி

பிரான்சில் பாரிஸ் பகுதியிலிருந்து பிரெஸ்ட் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் பயணம் மிகவும் பழமையானது. 1891-ஆம் ஆண்டு முதன்முதலில் நடந்தது. ஏறத்தாழ 1200 கி.மீ. தூரம். அன்று அது பந்தயம். இன்று பந்தயம் இல்லை. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் சரி. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2023-இலும் நடந்தது. இந்தியர்களும் போய் ஓட்டுகிறார்கள்.

பெண்களால் முடியுமா?

இந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம் பதில் சொல்லிவிட்டது. அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் அவர் முயற்சி எடுத்தார்.

1992-ஆம் ஆண்டு உலகப் பெண்கள் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதவில்லை. அதனால் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். கேலி பேசினார்கள். அவர்கள் பொருட்படுத்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளை விற்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சைக்கிள் உதவியது.

கையில் ஓர் அட்டை

பிரெவேயில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். வழியில் சில இடங்களைக் குறித்திருப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் வந்து சேர்ந்த நேரத்தை அட்டையில் பதிய வேண்டும். அந்த இடத்தை மூடும் நேரமும் அட்டையில் இருக்கும். அதற்குள் வர வேண்டும். அட்டையைப் படிக்கத் தெரிந்தால் நம் கணக்கு நம் கையில்.

நாமே ஓர் அட்டை எழுதிப் பார்ப்போம். ஆரியசாலையில் காலை 6 மணிக்குப் புறப்படுகிறோம். கன்னியாகுமரியைத் தாண்டி அஞ்சுகிராமம் பக்கம் வரை போய்த் திரும்பினால் 200 கி.மீ. ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கி.மீ. என்பது கணக்கு.

நாகர்கோவில் – 70 கி.மீ. – காலை 10.40
அஞ்சுகிராமம் – 100 கி.மீ. – பகல் 12.40
நாகர்கோவில் (திரும்பும்போது) – 130 கி.மீ. – பகல் 2.40
மார்த்தாண்டம் – 160 கி.மீ. – மாலை 4.40
ஆரியசாலை – 200 கி.மீ. – இரவு 7.30

மணிக்கு 15 கி.மீ. பெரிய வேகம் இல்லை. ஆனால் சாப்பிடும் நேரமும், பஞ்சர் ஒட்டும் நேரமும், இளைப்பாறும் நேரமும் இதற்குள்ளேதான் அடங்க வேண்டும்.

புறப்படும் முன்

ஒரே நாளில் 200 கி.மீ. போகப் பழகவேண்டும். முதலில் 20, பிறகு 40, பிறகு 80, பிறகு 120 என்று வாரம் வாரம் கூட்டுங்கள். இதய நோய், சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சைக்கிளைப் பாருங்கள். பிரேக் பிடிக்கிறதா? செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்றா? சீட் உயரம் சரியா? சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், வாழைப்பழம், கடலைமிட்டாய். தலையில் ஹெல்மெட் வேண்டும். இருட்டுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டையும் வேண்டும்.

மூன்று நண்பர்கள்

இப்போது ஒரு கதை. கதைதான், ஆனால் நடக்கக்கூடியது.

சாலைக் கடைத்தெருவில் மூன்று பேர். காய்கறிக் கடை அண்ணாச்சி. பூ விற்கும் அக்கா. தையல் கடைத் தம்பி. அக்கா எழுத்து வகுப்பில் இப்போதுதான் கணக்குக் கற்றவர். மூவரும் ஆறு மாதம் பழகினார்கள். 200 கி.மீ. போகப் பெயர் கொடுத்தார்கள்.

முதல் நாள் இரவு மூவரும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். "மூன்று பேராகப் போவோம். மூன்று பேராகத் திரும்புவோம்."

காலை 6 மணிக்குப் புறப்பட்டார்கள். கிள்ளிப்பாலம், கரமனை தாண்டினார்கள். கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரம் வந்தது. பிறகு நெய்யாற்றின்கரை, பாறசாலை. வழியெல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். களியக்காவிளையில் மாநிலம் மாறியது. கடைப் பலகைகளில் மலையாளம் குறைந்து தமிழ் வந்தது. அக்கா ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

தம்பி இளவட்டம். எல்லாருக்கும் முன்னால் பறந்தான். தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. "அக்காவால்தான் நேரமாகும்" என்று சிரித்தான். அக்கா ஒரே சீராக மிதித்தார். தாகம் எடுக்கும் முன்பே இரண்டு மடக்குக் குடித்தார்.

பகல் 12 மணிக்கு அஞ்சுகிராமம் பக்கம் சேர்ந்தார்கள். அட்டையில் நேரம் பதிந்தார்கள். சாப்பிட்டார்கள். 12.30-க்குத் திரும்பினார்கள். வெயில் கொளுத்தியது.

மாலை 4.30-க்கு மார்த்தாண்டம். மூடுவதற்கு 10 நிமிடம்தான் இருந்தது. தம்பி சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தலை சுற்றியது. வாந்தி வந்தது. கெண்டைக்காலை இழுத்துப் பிடித்தது.

அவனை நிழலில் படுக்க வைத்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள்.

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டார். மீதி 40 கி.மீ. அதற்கு 2 மணி 40 நிமிடம் வேண்டும். இருப்பதோ 3 மணி நேரம். மிச்சம் 20 நிமிடம்தான்.

தம்பி சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் போங்க அண்ணாச்சி. என்னால உங்க அட்டை வீணாகக் கூடாது."

அண்ணாச்சிக்கு மனம் இரண்டாகப் பிரிந்தது. கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். இன்றைக்கு விட்டால் அடுத்த தடவை எப்போது என்று தெரியாது. அட்டையைப் பார்த்தார். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

"நேற்று ராத்திரி என்ன பேசினோம் அண்ணாச்சி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்தார். பயணத்தை நடத்துபவர்களைக் கூப்பிட்டார். "நாங்கள் மூன்று பேரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம்" என்றார். சொல்லாமல் நின்றால் அவர்கள் இரவில் தேடி அலைவார்கள் அல்லவா?

ஒரு மணி நேரத்தில் தம்பி எழுந்து உட்கார்ந்தான். சாலைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் ஒரு வேன் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. மூன்று சைக்கிளையும் அதில் ஏற்றினார்கள். மூன்று பேராகவே ஆரியசாலைக்குத் திரும்பினார்கள்.

அண்ணாச்சியின் அட்டை கடையில் மாட்டியிருக்கிறது. கடைசிக் கட்டம் காலிதான். "ஏன் காலி?" என்று கேட்பவர்களுக்கு அவர் முழுக் கதையையும் சொல்வார். மூவரும் மறுபடி பழகுகிறார்கள். இப்போது முன்னால் போவது அக்கா. தம்பி அவருடைய வேகத்திலேயே வருகிறான். அக்கா குடிக்கும்போது அவனும் குடிக்கிறான்.

தெரிந்துகொள்வோம்

உப்பு சர்க்கரைக் கரைசல்: சுத்தமான தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது.

வெயிலில் மயங்கி விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடம்பைக் குளிர வையுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. பிரெவே என்றால் என்ன பொருள்?
2. 300 கி.மீ. போக எத்தனை மணி நேரம் தருகிறார்கள்?
3. தம்பிக்கு ஏன் உடம்பு முடியாமல் போனது?

கணக்குப் போடுங்கள்

காலை 5 மணிக்குப் புறப்பட்டால் 200 கி.மீ. பயணத்தை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

அண்ணாச்சியும் அக்காவும் தம்பியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?