பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயமா?

கேள்வி: கோவை விமான நிலையத்திலிருந்து பனியன் வாங்க வரும் பையரை அழைத்து வரும்போது, பின்னால் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆம். முன்நோக்கிய பின் இருக்கைக்காரரையும் மத்திய மோட்டார் வாகன விதி 138(3) சேர்த்தே சொல்கிறது. போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம்.

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் இறந்தார். சூர்யா ஆற்றுப் பாலத்தில் அவர் சென்ற விலையுயர்ந்த பென்ஸ் கார் தடுப்பில் மோதியது. முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. மோதும்போது வண்டி நின்றுவிடும், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் பாய்வார்.

பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் போலி கிளிப்புகளும் விற்பனைக்கு வந்தன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை நீக்க உத்தரவிட்டது.

அவிநாசி சாலையில் ஏறுமுன் பின் சீட்டைப் பாருங்கள். பல கார்களில் பெல்ட் மாட்டும் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். அதை வெளியே எடுத்துவிட்டு, சீட்டிலுள்ள பனியன் சாம்பிள் பெட்டியை டிக்கிக்கு மாற்றுங்கள்.