நர்ஸ் அக்கா என்ன எழுதுறாங்க?

நான் பிளஸ் டூ-வில் நர்சிங் பிரிவு படிக்கிறேன். நர்ஸ் எழுதும் 'பராமரிப்புத் திட்டம்' பற்றிச் சொல்கிறேன். அதில் 5 படிகள்: தகவல் சேகரித்தல், பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், மதிப்பிடுதல்.

உதாரணமாக, பக்கவாதத்தால் அசைய முடியாமல் படுத்திருக்கும் ஒரு தாத்தா. இடுப்புத் தோல் சிவந்திருக்கு. விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையலைன்னா படுக்கைப்புண்ணின் ஆரம்பம்! 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். மணியையும் பக்கத்தையும் எழுதி வைத்தால்தான் இரவு டியூட்டி நர்சுக்கும் தெரியும்.

சிவப்பு குறைந்ததா? பார்ப்பதுதான் 5-வது படி. குறையலைன்னா திட்டத்தை மாற்றணும். அதைப் பார்க்காமல் விட்டால், எழுதிய திட்டம் வெறும் காகிதம்தான். தாத்தாவுக்குப் புண் வந்துவிடும்.