தற்கொலையால் உறவை இழந்தோர் குழுவை நடத்த வரும் இளம் ஆற்றுப்படுத்துநருக்கு

தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்குள் துக்கத்தோடு போலீஸ் விசாரணையும் நுழைந்துவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை, மணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண்ணென்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை என்று, வாய்விட்டு அழுவதற்கு முன்பே குடும்பத்தார் பதில் சொல்லியாக வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பல வீடுகளில் ஊருக்காக 'மாரடைப்பு' என்றொரு காரணம் உருவாகியிருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லத் தேவையில்லாத ஓர் இடமாகவே குழு கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2000இல் இத்தகைய குழுவைத் தொடங்குவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொண்டர்கள் செய்யும் முதன்மைப் பணி காதுகொடுத்துக் கேட்பது. குழு நடத்துபவருக்கும் அதுவே முதற்பாடம்.

புதிதாக வருபவரிடம் முதலில் தனியே பேச வேண்டும். இழப்பு நேர்ந்த சில நாட்களிலேயே சிலரால் வட்டத்தில் உட்கார முடியாது. மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மருமகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால் இருவரையும் வெவ்வேறு குழுக்களில் சேர்ப்பதே நல்லது. இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்ல இடமளிக்கலாம். இறந்த விதத்தை விவரிக்க விடக்கூடாது, கேட்பவர்களில் யாருக்கு அது ஆபத்தாகும் என்று தெரியாது.

"ஏன் இப்படிச் செஞ்சான்?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். படித்த படிப்பை வைத்து அதற்கு விளக்கம் சொல்ல இளம் ஆற்றுப்படுத்துநருக்குத் துடிப்பு இருக்கும். அதை அடக்கத்தான் வேண்டும். இரண்டு வருடமாக அதே கேள்வியோடு வாழும் இன்னொரு தாய் "எனக்கும் இன்னும் தெரியலம்மா" என்று சொல்வதற்கு இருக்கும் வலு எந்த விளக்கத்துக்கும் இல்லை. இறந்தவர் மீதான கோபமும், நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்குள் எழும் நிம்மதியும் மிகத் தாமதமாகவே வாய்க்கு வரும். அப்போது முகம் சுளிக்காமல் கேட்பது தேர்ந்த திறமை.

உறுப்பினருக்கே சாகும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் தனியே அழைத்து நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆபத்து இருந்தால் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பது அவசியம். டெலி-மானஸ் மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணும் எல்லோர் கையிலும் இருக்கட்டும். திதி, பிறந்தநாள், மாணவரை இழந்த பெற்றோருக்குப் பிளஸ் டூ முடிவு வரும் நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து அவற்றுக்கு முன்பே பேசுவது நல்லது. சொல்லாமல் கூட்டத்துக்கு வராதவரை அன்றே தொலைபேசியில் அழைக்க வேண்டும்.